இரண்டு தண்ணீருக்கு நடுவே எதை வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் இன்று பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று தாத்தா காலத்தில் வெட்டிய கிணறு. மற்றொன்று தெருவழியே வந்து வாசலில் நிற்கும் பொதுக்குழாய். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் ஊரக வீடுகளுக்குக் குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கிய பிறகு, கிணற்றை மட்டுமே நம்பியிருந்த வீடுகளிலும் தெருக்குழாய் நுழைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மாடித் தொட்டியில் விழச் செய்தால் குழாய்ச் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்; ஒரு டீயை, அதாவது மூன்று வழி இணைப்பைப் போட்டு, நடுவில் கையால் திருகி மூடும் ஒரு கேட் வால்வை வைத்தால் வேலை முடிந்தது என்று பிளம்பர் நினைக்கிறார். கேட் வால்வை மூட யாராவது ஒருவர் ஒரு நாள் மறக்கும்வரை இருவர் நினைப்பதும் சரிதான்.

அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்தது. அருமனைக்குப் பக்கத்தில் மேட்டில் இருக்கும் வீடு. ஆனி மாத மழையில் கிணறு நிறைந்து, தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் கலங்கிக் கிடந்தது. துணி துவைக்கவும் முற்றம் கழுவவும் அது போதும் என்று மாடிக்கு ஏற்ற மோட்டாரைப் போட்டேன். கேட் வால்வு அரைகுறையாகத் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு அக்கா சில்வர் குடத்துடன் ஏறி வந்தார். "தம்பி, பஞ்சாயத்து பைப்புல உங்க கெணத்துத் தண்ணியில்லா வருது" என்று குடத்தைச் சாய்த்துக் காட்டினார். குடத்துக்குள் ரப்பர் இலை மட்கிய வாசனை. அந்தத் தெருவில் கிணற்றடியில் ரப்பர் மரம் நிற்பது எங்கள் வீட்டில் மட்டுமே என்பதால் மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

அதன் பிறகு இரண்டு தண்ணீருக்கு நடுவே எதை வைப்பது என்று ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும், எங்கள் வீட்டிலும் களியக்காவிளையில் தங்கை கட்டிய வீட்டிலும் செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் தெருக்குழாய்க்குத் திரும்பிப் போவதுதான் பின்னோட்டம். அது இரண்டு வகையில் நிகழும். கிணற்று மோட்டாரின் அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தைவிட மிகுந்தால் கிணற்றுத் தண்ணீர் தெருவுக்குள் தள்ளப்படும். இது எதிரழுத்தம், எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். தெருவில் தண்ணீர் நிறுத்தப்பட்ட பிறகு பள்ளத்து வீட்டார் குழாயைத் திறந்து மீதியை வடித்துக்கொள்ளும்போது, மேட்டு வீட்டு இணைப்பில் இருப்பதெல்லாம் உள்ளே இழுக்கப்படும், இது உறிஞ்சல். சமவெளி ஊர்களில் இரண்டாவது அவ்வளவாகத் தெரிவதில்லை. அருமனை, மேல்புறம், பளுகல் பக்கமெல்லாம் தெரு என்பதே ஏற்றமும் இறக்கமும்தான். ஒரே தெருவின் தலைவீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரு தென்னை உயரம் வேறுபாடு இருக்கும். தண்ணீர் நிற்கும் நேரத்தில் மேட்டு வீட்டுக் குழாயைத் திறந்து, வாயில் ஈர உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இதை நேரில் உணரலாம். முதலில் தண்ணீர் நூலாக இளைக்கும், பிறகு நிற்கும். சற்று நேரத்தில் உள்ளங்கைத் தோல் மெல்ல உள்ளே இழுபட்டு, கையை எடுத்துப் பார்த்தால் குழாய் வாயின் வட்டம் அதில் பதிந்திருக்கும். அந்த நேரத்தில் அந்த வாய் ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், வாளியில் இருப்பது தெருவுக்குப் போயிருக்கும்.

சேர்க்காமலே விடுவது

வால்வுக் கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டையும் சேர்க்கத்தான் வேண்டுமா என்பது. தெருத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் தேவை என்றால், அடுக்களைக்கு மேலே 200 அல்லது 300 லிட்டரில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, தெருக்குழாயை அதில் மட்டும் விட்டு, குளியலறைக்கும் தோட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீரைத் தனி வழியில் கொண்டுபோகலாம். இரண்டு வழிகளும் எங்கும் சந்திக்காதபோது தெருத் தண்ணீரில் கிணற்றுத் தண்ணீர் கலக்க இடமே இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்துப் புதுக்குழாய் இழுக்க வேண்டியிருக்கும் என்பதால் இது எல்லாருக்கும் ஒத்துவராது. கிணறு வற்றும் மாசி, பங்குனியில் இரண்டு வழிகளையும் ஒரு ரப்பர் குழாயால் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அப்படி இணைக்கிறவர் பிரித்துவைத்ததன் பயனைத் தானே அழித்துவிடுகிறார்.

காற்று இடைவெளி

சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எனது முதல் தேர்வு காற்று இடைவெளி. தெருக்குழாய் தொட்டியின் மேல்புறத்தில் முடிந்து, தண்ணீர் காற்றின் வழியே கீழே விழ வேண்டும். குழாயின் வாய்க்கும், தொட்டி எவ்வளவு நிரம்பினாலும் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே, குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும், அது 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு 30, முக்கால் அங்குலத்துக்கு 40, ஓர் அங்குலத்துக்கு 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் தொட்டிச் சுவரை ஒட்டி இறங்கினால் மூன்று மடங்கு விடுவது நல்லது. தெருக்குழாயில் எவ்வளவு உறிஞ்சல் ஏற்பட்டாலும் அது காற்றைத்தான் உறிஞ்சும். இதில் தேய ரப்பர் இல்லை, ஒட்டிக்கொள்ள ஸ்பிரிங் இல்லை.

பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பொருத்துகள் விதிமுறை, குழாயில் திரும்பி வரக்கூடிய நீரை அதன் ஆபத்தைப் பொறுத்து ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. சுவையோ சூடோ மட்டும் மாறிய தண்ணீர் இரண்டாம் தரம். அதற்குத் தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் திரும்பா வால்வு ஒன்று போதும். மலக்கிருமி கலக்க வாய்ப்புள்ளது ஐந்தாம் தரம். அதற்கு எந்தத் திரும்பா வால்வையும் நம்ப அந்த விதி இடம் தருவதில்லை, காற்று இடைவெளி போன்ற ஏற்பாட்டையே கேட்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஐந்தாறு சென்ட் மனையில் கிணறும் கழிவறைக் குழியும் அடுத்தடுத்து இருக்கும் நம் ஊரில், மழைக்காலக் கிணற்றுத் தண்ணீரை நான் எந்தத் தரத்தில் வைப்பேன் என்றால், கடைசித் தரத்தில்தான்.

காற்று இடைவெளியைக் கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குழாயின் முனையில் ஒரு துண்டு பி.வி.சி.யை மாட்டித் தொட்டியின் அடிவரை இறக்கிவிடுகிறார்கள். சத்தம் நிற்கிறது, கூடவே இடைவெளியும் போகிறது. அன்றிலிருந்து தொட்டி நிறையத் தண்ணீரைத் தெருவுக்கு உறிஞ்சிக் கொடுக்கும் வழி திறந்திருக்கிறது. மிதவை வால்வு பொருத்திய இடங்களில் அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். நிரம்பி வழியும் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறியதாக இருப்பது இன்னொரு பிழை. மிதவை பழுதாகும் நாளில் அந்தச் சின்ன வழியால் ஈடுகொடுக்க முடியாமல் மட்டம் ஏறி உள்வரும் குழாயின் வாயைத் தொட்டுவிடும். உள்வருவது முக்கால் என்றால் வழிவது ஒன்றேகால் இருக்கட்டும், அதன் முனையில் பல்லியும் கொசுவும் நுழையாதபடி வலை கட்டுங்கள்.

குறை ஒன்று உண்டு. தண்ணீர் காற்றில் விழுந்ததும் தெருக்குழாயின் அழுத்தம் அங்கேயே முடிந்துவிடும். தரைத்தொட்டியில் விழுந்தால் மறுபடி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். நகரத்தில் நல்ல அழுத்தத்தில் தண்ணீர் பெறுகிறவர்களுக்கு இது இழப்பு. வாசல் குழாயில் இடுப்பு உயரத்துக்குமேல் ஏறத் தயங்கும் தண்ணீருக்கு இழக்க என்ன இருக்கிறது?

என்.ஆர்.வி. என்னும் ஒற்றை வால்வு

மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ எந்தக் கடையில் கேட்டாலும் உடனே எடுத்து மேசைமேல் வைப்பது என்.ஆர்.வி. என்று சொல்லப்படும் இந்தத் திரும்பா வால்வைத்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம். எங்கள் பிளம்பரும், "ஒரு என்.ஆர்.வி. போட்டா தீந்தது சாரே" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எவ்வளவு நாளைக்கு என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதில் இரண்டு இனங்கள் உண்டு. கதவுபோல் ஆடும் மடல் வைத்தது ஒன்று. அதைக் கிடையாகவோ, தண்ணீர் மேல்நோக்கிப் போகும் செங்குத்துக் குழாயிலோ மட்டுமே வைக்க வேண்டும். கீழ்நோக்கி ஓடும் குழாயில் வைத்தால் மடல் தன் எடையாலேயே திறந்து தொங்கும். ஸ்பிரிங் வைத்தது மற்றொன்று. அதை எப்படியும் வைக்கலாம், ஆனால் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கத் தண்ணீருக்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். அழுத்தத்தை அளக்கும் அலகில் அரை பி.எஸ்.ஐ. என்றால்கூட அது 35 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் பாரம். தெருக்குழாயில் அழுத்தம் தாராளமாக உள்ள வீட்டுக்கு அது ஒன்றுமில்லை. கடைசி மேட்டு வீட்டுக்கு அதுவே தண்ணீர் வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம். மடல் வால்வு உள்ளே வரும் தண்ணீரைத் தடுப்பதில்லை, ஆனால் மெதுவாகத் திரும்பும் தண்ணீரை விட்டுவிடுகிறது. பலமாகத் தள்ளினால் மடல் இறுக மூடும். மெல்ல இழுத்தால் பாதியில் நின்று கசியும். ஆகையால் எதிரழுத்தத்துக்கு நன்றாக நிற்கும் வால்வு உறிஞ்சலில் கைவிடுவது உண்டு. ஒற்றை வால்வைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் இதுவே முக்கியமானது.

எங்கள் ஒற்றை வால்வை மூன்று ஆண்டுகள் கழித்து யூனியனை, அதாவது திருகிப் பிரிக்கும் இணைப்பைக் கழற்றித் திறந்து பார்த்தேன். மடலின் ரப்பரில் விளிம்புக்கு உட்புறமாக ஒரு வட்டப் பள்ளம் விழுந்திருந்தது, நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்த தடம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கடுகளவு மணல் ஒன்று ரப்பருக்குள் புதைந்து நின்றது. உட்சுவர் முழுவதும் துருநிறத்தில் வழவழப்பான பாசி. விரலால் வழித்தால் சந்தனம்போல் வந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது இவை எவற்றுக்கும் அறிகுறி இல்லை. கிணற்றுக்குள் கிடக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் மறுநாள் காலையில் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அதே வேலையைச் செய்யும் என்.ஆர்.வி. கசிந்தால் நமக்கு ஒரு குறையும் தெரியாது, குறை தெரிவது கீழ்வீட்டாருக்குத்தான்.

எந்த உலோகத்தில் வாங்குவது என்பதும் நம் மண்ணைப் பொறுத்தது. வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் சற்றே அமிலத்தன்மையுடன் இருப்பது வழக்கம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கேட்கும் 6.5 என்ற கீழெல்லைக்கும் கீழே பி.எச். இறங்குவதுண்டு. அந்தத் தண்ணீரில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மலிவான பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, மீதமுள்ள உலோகம் செம்பு நிறத்தில் பொரபொரவென்று ஆகிவிடும். கன்மெட்டல் என்னும் வெண்கல வகை தாக்குப்பிடிக்கும். யூனியன் வைத்த நல்ல பிளாஸ்டிக் வால்வும் போதும், வெயில் படாத இடத்தில் வைப்பதாக இருந்தால்.

இரட்டை வால்வும், அதற்கு மேலும்

இரண்டு வால்வுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றில் மணல் சிக்கினாலும் மற்றது காக்கும். வெளிநாடுகளில் ஒரே உடலுக்குள் இரண்டு வால்வுகளும், சோதிக்கத் திறந்து மூடும் நான்கு சிறு குழாய்களும், இரு முனைகளிலும் மூடு வால்வுகளுமாக இதைச் செய்து விற்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அப்படிக் கிடைக்காதபோது கையாலேயே கட்டலாம். தங்கை வீட்டில் செய்தது இது: கேட் வால்வு, சிறு குழாய், என்.ஆர்.வி., சிறு குழாய், என்.ஆர்.வி., சிறு குழாய், மறுபடி கேட் வால்வு. எல்லாவற்றுக்கும் முன்னால் மணல் பிடிக்கும் வலைவடிகட்டி ஒன்று. நாலு சென்ட் மனையில் தரைத்தொட்டிக்கு இடமில்லை, மாடியில் இரண்டாவது தொட்டி வைக்க வீட்டுக்காரருக்கு மனமில்லை என்ற நிலையில்தான் இதற்கு ஒப்புக்கொண்டேன். இதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வால்வையும் தனித்தனியே சோதிக்க முடிகிறது. அதற்காகவே அந்த மூன்று சிறு குழாய்களுக்குக் கூடுதலாகச் செலவழித்தோம். இரண்டு வால்வுகளை மட்டும் வைத்துவிட்டு நடுவில் குழாய் இல்லாமல் விடுகிறவர், முதலாவது எப்போது செத்தது என்று அறியாமல் இரண்டாவதை நம்பிக்கொண்டிருப்பார்.

ஆர்.பி.இசட். என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் குறையழுத்த மண்டல வால்வையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு திரும்பா வால்வுகளுக்கு நடுவே உள்ள அறையின் அழுத்தத்தை அது எப்போதும் தெருப்பக்க அழுத்தத்தைவிடக் குறைவாக வைத்திருக்கும். வேறுபாடு 2 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் நடுவில் உள்ள வடிகால் வால்வு திறந்து, அறையில் உள்ள தண்ணீரை வெளியே கொட்டிவிடும். கருவிகளில் மிக உயர்ந்த காப்பு இதுதான், மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்துவது. ஆனால் அது தன் வேலைக்காக ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை விழுங்கும், அதாவது 7 மீட்டர் தண்ணீர் உயரம். ஒற்றை மாடி வீட்டின் மேல்தொட்டிக்கும் குளியலறைக் குழாய்க்கும் நடுவே இருப்பதோ 3 மீட்டர். அந்த வழியில் இதை வைத்தால் தண்ணீர் வராது. தெரு இணைப்பில் வைத்தாலும், நம் தெருக்குழாய் அழுத்தத்தில் அது ஓயாமல் வடிகால் வழியே கக்கிக்கொண்டிருக்கும். விலையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

தோட்டத்து ரப்பர் குழாய்

கிணற்றை எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும், முற்றத்துக் குழாயில் மாட்டிய ரப்பர் குழாய் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். மழைக்கு முன் ரப்பருக்கும் கமுகுக்கும் போர்டோ கலவை என்னும் பூஞ்சை மருந்து அடிக்கிறவர்கள், ஒரு கிலோ துரிசும் (மயில்துத்தம்) ஒரு கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் தண்ணீருமாகக் கலக்கும் பீப்பாய்க்குள் குழாயின் நுனியை அமிழ்த்திவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டில் பாலில் தண்ணீர் கலக்கும் தொட்டிக்குள் நுனி கிடக்கும். மாட்டுத் தொழுவத்தில் கழுநீர்த் தொட்டிக்குள் கிடக்கும். 1969-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், ஹோலி கிராஸ் கல்லூரிக் கால்பந்து அணியில் ஏறத்தாழ 90 பேருக்குக் கல்லீரல் அழற்சி தொற்றியது இப்படி ஓர் உறிஞ்சலால்தான். பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீர் எடுத்தபோது குழாயில் அழுத்தம் விழுந்து, மைதானத்துப் பள்ளத்தில் தேங்கிய அசுத்த நீர் குடிநீருக்குள் இழுக்கப்பட்டது.

குழாய் வாயில் திருகும் வெற்றிட முறிப்பான் ஒன்று இதற்கென்றே உண்டு. உறிஞ்சல் வந்தால் காற்றை உள்ளே விட்டுவிடும். எதிரழுத்தத்துக்கு அது உதவாது. அது கிடைக்கும்வரை, பீப்பாயின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பை நட்டு நுனியை அதில் கட்டிவிடலாம். செலவில்லாத காற்று இடைவெளி அது.

சோதிப்பது எப்படி

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஆண்டுக்கொரு முறை, பயிற்சி பெற்றவர் அழுத்த வேறுபாட்டு மானியுடன் வந்து வால்வைச் சோதித்துச் சான்று தர வேண்டும். நமக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நாமே செய்துகொள்ளத்தக்க சோதனைகள் இரண்டு.

முதலாவதற்குக் கருவியே வேண்டாம். தெருவில் தண்ணீர் வராத நேரத்தில் வீட்டு இணைப்பின் தெருப்பக்க வால்வை மூடி, வால்வுக்கு முன்னால் உள்ள சிறு குழாயைத் திறந்துவைத்து, கிணற்று மோட்டாரை ஓடவிடுங்கள். குழாயில் தேங்கியது வடிந்த பிறகும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வு கசிகிறது. இது எதிரழுத்தச் சோதனை. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். மோட்டாரின் தள்ளுதலில் மடல் இறுக மூடிக்கொள்வதால் சோர்ந்த வால்வும் இதில் தேறிவிடும்.

இரண்டாவதற்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும். இரு முனைக் கேட் வால்வுகளையும் மூடி, சோதிக்க வேண்டிய என்.ஆர்.வி.க்கு வீட்டுப்பக்கமாக உள்ள சிறு குழாயில் டியூபை மாட்டி, செங்குத்தாகப் பிடித்து, வால்வு மட்டத்திலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த உயரம் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சமம். டியூபை ஆட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பிறகு, தெருப்பக்கச் சிறு குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் மட்டத்தைப் பார்க்க வேண்டும். டியூபின் உள்விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், விநாடிக்கு ஒரு சொட்டுக் கசிவுகூட நிமிடத்துக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் இறக்கமாகத் தெரியும். கண்ணுக்குப் படாத கசிவை இவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் வேறு எளிய வழி இல்லை. தொடக்கத்தில் ஒரு விரற்கடை இறங்கி நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம், வால்வு அமர எடுத்துக்கொண்ட இடம் அது. மட்டம் ஏறினால்தான் வினை வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள்: வீட்டுப்பக்கக் கேட் வால்வு முழுதாக மூடாமல், மாடித் தொட்டியின் தண்ணீர் உள்ளே வந்து, கசியும் என்.ஆர்.வி.யையும் தேறியதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் முடிவு செய்யாதீர்கள்.

கசிந்தால் உடனே புது வால்வு வாங்க வேண்டியதில்லை. யூனியனைக் கழற்றி, மடல் அமரும் வளையத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ரப்பரைத் திருப்பிப் போட முடிந்தால் போட்டு, பள்ளம் விழுந்திருந்தால் மாற்றி, வடிகட்டியின் வலையைக் கழுவி மாட்டினால் பெரும்பாலும் தேறிவிடும். வளையத்திலேயே கீறலோ அரிப்போ இருந்தால் வால்வை மாற்றிவிடுங்கள். வெந்நீர்க் கொதிகலனின் நுழைவாயில் உள்ள பாதுகாப்பு வால்வை இந்தக் கணக்கில் சேர்த்துக் கழற்றிவிடக் கூடாது. அது திரும்பா வால்வாக மட்டுமல்லாமல், சூட்டில் விரியும் தண்ணீரை வெளியேற்றும் வழியாகவும் இருக்கிறது.

காற்று இடைவெளிக்கும் சோதனை உண்டு, ஆனால் மிகச் சுருக்கமானது. மிதவையைக் கையால் அழுத்தித் தொட்டியை வழியவிட்டு, வழியும் நிலையில் குழாய் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளியை அளந்தால் முடிந்தது.

எங்கள் வீட்டில் இப்போது ஆயிரம் லிட்டர் தரைத்தொட்டியில் தெருத் தண்ணீர் மூன்று விரல் உயரத்திலிருந்து விழுகிறது. கிணற்று மோட்டாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய டீயை அறுத்து இரு முனைகளிலும் மூடி ஒட்டிவிட்டேன். இரவில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. தங்கை வீட்டில் டியூபில் 70 சென்டிமீட்டரில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள். கடந்த தை மாதச் சோதனையில் முதல் வால்வு அசையவில்லை, இரண்டாவது ஐந்து நிமிடத்தில் 6 சென்டிமீட்டர் இறங்கியது. ரப்பரை அவளே மாற்றினாள். அடுத்த சோதனை இடவப்பாதி மழை தொடங்குமுன், வைகாசி பிறந்ததும்.